ஒரு புள்ளி மேசைக்கு வர எவ்வளவு நேரம்? டௌடிங் முறையை சிமுலேட் செய்த பதிவு

ராணுவ சிமுலேஷன் மென்பொருள்கள் பலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. குண்டு எங்கே விழும், டாங்கியின் கவசம் எவ்வளவு தடிமன், ரேடியோ அலை மலையைத் தாண்டுமா என்பதையெல்லாம் நுணுக்கமாகக் கணக்குப் போடுவார்கள். தகவல் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும் இடம் வந்தால் மட்டும் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிமுலேட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் டிஐஎஸ் தரத்தில் ரேடியோவுக்கென்று டிரான்ஸ்மிட்டர், சிக்னல், ரிசீவர் எனத் தனிச் செய்தி வகைகளே இருக்கின்றன. ரேடியோ சரி. அதைக் கையில் வைத்திருப்பவர் அந்த நேரம் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தால்?

நான் பிழைப்புக்குச் செய்வது கால்சென்டர் கணக்கு. எத்தனை பேரை உட்காரவைத்தால் வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பார் என்று சொல்வது. அதே கணக்கை ஒரு போர்க் கட்டளை அமைப்பின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எடுத்துக்கொண்டது 1940 கோடையில் ஜெர்மன் விமானத் தாக்குதலைத் தடுக்க பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபைட்டர் கமாண்ட் பயன்படுத்திய அமைப்பை. அதன் தலைவர் ஹியூ டௌடிங் பெயரால் இன்று அதை டௌடிங் முறை என்கிறார்கள்.

ஏன் இது என்றால், இதில் கணினி கிடையாது. எல்லாம் தொலைபேசி, காது, கை, மேசை. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் ஒரே ஒரு வேலையைச் செய்கிறார். வரிசைக் கோட்பாடு படித்தவனுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. தவிர, என் தொழிலின் பெயரான 'ஆபரேஷனல் ரிசர்ச்' என்ற சொல்லே 1938இல் இந்த அமைப்பின் ரேடார்களை உருவாக்கிய பாட்சி ஆய்வு நிலையத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒருவகையில் பாட்டன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் இது.

யார் யாருக்குச் சொல்கிறார்கள்

கடற்கரை நெடுக செயின் ஹோம் ரேடார் நிலையங்கள். அனுப்பும் ஆன்டெனாவுக்கு 360 அடி எஃகுக் கோபுரங்கள், வாங்கும் ஆன்டெனாவுக்கு 240 அடி மரக் கோபுரங்கள். இவை கடல் பக்கம் மட்டும்தான் பார்க்கும். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட விமானத்தைக் கவனிப்பது அப்சர்வர் கோர். சுமார் 1,000 காவல் நிலைகளில் தன்னார்வலர்கள் கண்ணாலும் காதாலும் பார்த்துக் கேட்டுச் சொல்வார்கள்.

ரேடார் நிலையத்தில் இருப்பவர் திரையில் எதிரொலி எங்கே எழும்புகிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்வார். கோனியோமீட்டர் என்ற குமிழைத் திருகி, எதிரொலி மறையும் இடத்தை வைத்துத் திசையைப் பிடிப்பார். எத்தனை விமானம் என்பது எதிரொலி துடிக்கும் விதத்தைப் பார்த்து அனுபவத்தில் சொல்வது. இவையெல்லாம் சேர்ந்த ஒரு தகவல்தான் 'புள்ளி'. அது தொலைபேசியில் ஸ்டேன்மோரில் உள்ள பென்ட்லி பிரையரிக்குப் போகும். அங்கே நிலத்தடியில் ஃபில்டர் ரூம். பல நிலையங்கள் சொல்வதை ஒப்பிட்டு ஒரே தடமாக்கி, நம்முடையதா எதிரியுடையதா என்று பிரித்து, எண் கொடுப்பது அங்கேதான். கமாண்டுக்குக் கீழே குரூப்கள், ஒவ்வொரு குரூப்புக்கும் கீழே செக்டார்கள். அங்கிருந்து கமாண்டின் மேசைக்கும், குரூப் மேசைக்கும், செக்டார் மேசைக்கும் சொல்லப்படும். தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த 11வது குரூப் அக்ஸ்பிரிட்ஜில் இருந்தது. தளபதி கீத் பார்க். அவருக்குக் கீழே பிகின் ஹில், கென்லி, டாங்மியர், ஹார்ன்சர்ச், நார்த் வீல்ட், டெப்டன், நார்த்ஹோல்ட் என்று 7 செக்டார்கள். எந்த ஸ்குவாட்ரன் (போர் விமான அணி) கிளம்புவது என்று முடிவெடுப்பது குரூப். கிளம்பிய பிறகு விமானியோடு ரேடியோவில் பேசுவது செக்டார்.

மேலே போன விமானத்தோடு பேசத்தான் ரேடியோ. தரையில் புள்ளிகள் போனதெல்லாம் தபால்துறையின் தொலைபேசிக் கம்பிகளில்.

நேரக் கணக்கு

மாடல் எழுதும் முன் காகிதத்தில் ஒரு கணக்கு. பிரான்சின் காலே நகரிலிருந்து பிகின் ஹில் வரை நேர்கோட்டில் 80 மைலுக்குக் கொஞ்சம் மேலே. குண்டுவீச்சு விமானக் கூட்டம் மணிக்கு 180 மைல் போகிறது என்றால் நிமிடத்துக்கு 3 மைல். ஆக, பிரெஞ்சுக் கரையை விட்டதும் கையில் இருப்பது 27 நிமிடம். ரேடாரில் தெரிந்தது குரூப் மேசையில் தெரிய சுமார் 4 நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உத்தரவு கிடைத்ததிலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன் 20,000 அடிக்கு ஏற 13 நிமிடம் என்பார்கள். இன்னொரு போர் விமானமான ஹரிகேனுக்கு இன்னும் கூட. கழித்தால் மிச்சம் 10 நிமிடம். அதற்குள் இது நிஜத் தாக்குதலா, இழுத்துவிடும் பாசாங்கா என்று தீர்மானித்து, யாரை அனுப்புவது என்று முடிவெடுத்து, எதிரி இருக்கும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

4 நிமிடத்தில் எதிரி 12 மைல் நகர்ந்துவிடுவான். மேசையில் தெரியும் படம் எப்போதும் 12 மைல் பின்தங்கிய படம். இந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை வேலையும்.

மாடல்

பைத்தானில் சிம்பை என்ற நூலகம். நிகழ்வுகளை வரிசைப்படி ஓட்டும் எளிமையான கருவி. ஒவ்வொரு மனிதரையும் கொள்ளளவு 1 உள்ள ஒரு ரிசோர்ஸாக வைத்தேன். புள்ளி என்பது ஒரு சின்ன ஆப்ஜெக்ட்: தட எண், இடம், உயரம், எண்ணிக்கை, அப்புறம் அது பிறந்த நேரம். பேசும் நேரம் எல்லாம் டைம்அவுட், அதாவது அவ்வளவு நேரம் அந்த ஆள் வேறு வேலைக்குக் கிடைக்க மாட்டார். சிமுலேஷன் கடிகாரத்தின் அலகு நொடி.

பேச்சு நேரத்தை எங்கிருந்து எடுப்பது? ஒரு புள்ளியின் வாசகத்தை நானே சத்தம்போட்டு வாசித்து ஸ்டாப்வாட்சில் பிடித்தேன். எண், கட்டம், எண்ணிக்கை, உயரம் என்று நிதானமாகச் சொன்னால் 7 நொடி அளவில் முடிகிறது. எதிர்முனையில் எழுதிக்கொள்ளவும், 'சரி' சொல்லவும் இன்னொரு பாதி. ஃபில்டர் செய்பவர் ஒரு புள்ளிக்கு 15 நொடி எடுப்பதாக வைத்தேன். இவை என் அனுமானங்கள், 1940இன் அளவீடுகள் இல்லை. இவற்றை மாற்றினால் படம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கத்தான் மாடலே.

முதல் வடிவத்தில் ஃபில்டர் செய்பவர் முன்னால் ஒரு சாதாரண வரிசை. முதலில் வந்த புள்ளி முதலில். 20 நொடிக்கு ஒரு புள்ளி வந்தால், வரவும் பேச்சு நேரமும் தாறுமாறாக ஏறி இறங்கும் என்ற வழக்கமான அனுமானத்தில், சராசரியாக 45 நொடி வரிசையில் காத்திருக்கிறது. வேலை நேரம் சேர்த்து 1 நிமிடம். பரவாயில்லை. அதே ஆள், அதே 15 நொடி. புள்ளிகள் மட்டும் 16 நொடிக்கு ஒன்று. வெறும் 4 நொடி வித்தியாசம். காத்திருப்பு 225 நொடி, மொத்தம் 4 நிமிடம். கால்சென்டர்காரர்களுக்கு இது ஆச்சரியமில்லை. ஓர் ஆளை 75 சதவீதம் வேலை வாங்குவதற்கும் 94 சதவீதம் வாங்குவதற்கும் நடுவில் பள்ளத்தாக்கே இருக்கிறது. கம்பியில் சிக்னல் போக ஆகும் நேரம் இந்தக் கணக்கில் எங்கேயும் தலைகாட்டவே இல்லை.

பேசும் நேரம் நிஜத்தில் அவ்வளவு ஆடாது என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். எல்லாப் புள்ளிக்கும் சரியாக 15 நொடி என்று வைத்தால் காத்திருப்பு பாதியாகிவிடும். ஆனால் தாக்குதல் நாளில் புள்ளிகள் கொத்துக்கொத்தாக வரும். மூன்று நிலையங்கள் ஒரே கூட்டத்தை ஒரே நேரத்தில் பார்க்கும். அந்தப் பக்கம் கிடைத்த நிம்மதி இந்தப் பக்கம் போய்விடும்.

இரண்டாவது வடிவத்துக்கு ஃபில்டர் ரூமின் பழைய புகைப்படங்களை உட்கார்ந்து பார்த்தேன். அங்கே வரிசையே இல்லை! ஒவ்வொரு ரேடார் நிலையத்தோடும் ஹெட்ஃபோனில் இணைந்த பிளாட்டர் ஒருவர். பெரும்பாலும் பெண்கள் துணைப்படையைச் சேர்ந்த இளம்பெண்கள். காதில் விழுந்ததை அப்படியே மேசை வரைபடத்தில் வில்லையாக வைத்துவிடுகிறார். ஃபில்டர் செய்பவர் யார் முதலில் சொன்னார் என்று பார்ப்பதில்லை, மேசையைப் பார்க்கிறார். அங்கே கண்ணில் படுவது கடைசியாக வைத்த வில்லை. அதற்கு முந்தையது தானாகவே பழசாகிவிடுகிறது.

நிரலில் இதைக் கொண்டுவருவது சுலபம். வரிசையை எடுத்துவிட்டு, தட எண்ணைச் சாவியாகக் கொண்ட ஒரு டிக்‌ஷனரி. புதுப் புள்ளி வந்தால் அதே தடத்தின் பழைய புள்ளியின் மேல் எழுதிவிடும். ஃபில்டர் செய்பவர் கை ஓய்ந்ததும், எந்தத் தடத்தைப் பார்த்து ரொம்ப நேரம் ஆயிற்றோ அதை எடுப்பார். மேசையில் 6 தடங்கள் இருந்தால், எவ்வளவு வேகமாகப் புள்ளிகள் கொட்டினாலும், எந்தத் தடமும் 6 × 15 = 90 நொடிக்கு மேல் காத்திருக்காது. வரிசை வடிவத்திலோ, வரவு 15 நொடிக்குக் கீழே இறங்கிய கணமே ரேஷன் கடை வாசல் மாதிரி நீண்டுகொண்டே போகும். இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த பாகம் இதுதான். ரேடாரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் என்றால் அந்த மேசைக்குத்தான் மெடல் கொடுப்பேன்.

அடுத்த சோதனை, ஃபில்டர் ரூமிலிருந்து தகவல் வெளியே போகும் விதம். ராணுவம் என்றதும் நமக்குத் தோன்றுவது ஏணிப்படி: கமாண்ட் குரூப்புக்குச் சொல்லும், குரூப் செக்டாருக்குச் சொல்லும். அப்படி ஒரு மாடல் எழுதினேன். ஒவ்வொரு படியிலும் ஒரு டெல்லர் (மேசையைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்பவர்), ஒவ்வொரு டெல்லர் முன்னாலும் ஒரு காத்திருப்பு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. நிஜத்தில் செய்தது வேறு. ஃபில்டர் ரூமின் டெல்லர் ஒருமுறை சொல்வதைக் கமாண்ட், குரூப், செக்டார் மூன்றின் பிளாட்டர்களும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். உத்தரவுதான் ஏணியில் இறங்குகிறது, படம் எல்லோருக்கும் ஒன்றாகப் போகிறது. ஏணி மாடலில் செக்டார் மேசை எப்போதும் குரூப் மேசைக்குப் பின்னால். பொதுப்பேச்சு மாடலில் இரண்டும் ஒன்றே. அதனால் குரூப் 'கிளப்பு' என்று சொன்னால் செக்டார் கன்ட்ரோலர் (விமானிகளை வழிநடத்துபவர்) ஏன் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி-பதில் மிச்சமாவதை மாடலில் சேர்க்க ஒரு நல்ல வழி இன்னும் எனக்குச் சிக்கவில்லை.

கடிகாரமும் மூடிகளும்

லேப்டாப்பில் ஓடுவதை மட்டும் நம்பிப் பழக்கமில்லை. எண்களை மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஹாலில் டைனிங் டேபிளின் மேல் கென்ட் கடற்கரையின் வரைபடத்தைச் சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து, கட்டம் போட்டு ஒட்டினேன்.

முக்கியமான பொருள் கடிகாரம். ஃபைட்டர் கமாண்டின் ஆபரேஷன்ஸ் அறைகளில் தொங்கிய கடிகாரத்தின் முகத்தில் ஒவ்வொரு 5 நிமிடப் பகுதிக்கும் ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம், மறுபடி சிவப்பு. நிமிட முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ அந்த நிற வில்லையைத்தான் பிளாட்டர் வைக்க வேண்டும். வீட்டில் ஓரமாகக் கிடந்த சாதாரணச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றி, பட்டம் செய்யும் காகிதத்தை ஆப்பு ஆப்பாக வெட்டி எண்களுக்கு நடுவே ஒட்டினேன். 12 ஆப்பு, நிறத்துக்கு 4. பசை நிறைய வைத்தால் காகிதம் உப்பி நொடி முள்ளில் உரசும். ஓரத்தில் மட்டும் தொட்டு ஒட்ட வேண்டும். நொடி முள்ளையே பிடுங்கிவிட்டாலும் ஒன்றும் குறையாது. வில்லைக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள், அதே மூன்று நிறங்களில்.

விதி இதுதான். புது நிறம் தொடங்கியதும், இரண்டு நிறத்துக்கு முந்தைய வில்லைகளைத் தூக்கிவிட வேண்டும். ஆக மேசையில் எந்த நேரத்திலும் இரண்டு நிறங்களுக்கு மேல் இருக்காது. முழுச் சுற்றுக்கு 15 நிமிடம். மறுபடி சிவப்பு வரும்போது பழைய சிவப்பு ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது, இருந்தால் புதுசோடு குழம்பிவிடும்.

ஸ்கிரிப்ட் உருவாக்கிய புள்ளிகளைப் பிரிண்ட் எடுத்து நண்பரிடம் கொடுத்தேன். அவர் படுக்கையறையில் உட்கார்ந்து ஃபோனில் வாசிப்பார். அண்ணன் மகள் காதில் இயர்ஃபோனோடு மூடிகளை வைப்பாள். அவளுடைய அம்மா கன்ட்ரோலர். மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்குவாட்ரன்களைக் கிளப்புவது அவர் பொறுப்பு. நான் ஸ்டாப்வாட்ச்.

ஆட்டம் சூடுபிடித்து, முள் நீலத்துக்குள் நுழைந்த நேரம்.

"சித்தப்பா, செவப்பு எல்லாம் எடுத்துட்டேன். பன்னெண்டாம் நம்பர் மட்டும் மஞ்சள்லயே நிக்குது. எடுக்கவா?"

"எடுக்காதே. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்."

அண்ணி இடையில் புகுந்தார். "அது மேல ஆளை அனுப்ப மாட்டேன், தம்பி. அது எப்பவோ பார்த்தது. பதினாலு புது நீலம், அதுக்கு அனுப்பறேன்."

ராணுவம் பற்றி ஒரு வரி படிக்காதவர் அவர். மேசையின் நிறத்தைப் பார்த்தே தகவலின் வயதைப் படித்துவிட்டார். பிறகு எல்லா மூடிகளையும் ஒரே நிறத்தில் வைத்து அதே பட்டியலை ஓட்டினோம். இந்தத் தடவை பன்னிரண்டாம் எண் எப்போதோ திரும்பிப் போய்விட்ட கூட்டம் என்று தெரியாமல், அதன் மேல் ஒரு ஸ்குவாட்ரனை அனுப்பி வெறும் வானத்தில் சுற்றவிட்டார். தகவலின் வேகம் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றுதான். வயது தெரிந்ததும் தெரியாததும்தான் வித்தியாசம்.

மாடலில் இதைச் சேர்ப்பது எளிது. புள்ளியின் பிறந்த நேரத்தைக் கன்ட்ரோலருக்குக் காட்டுவது அல்லது மறைப்பது, ஒரே ஒரு ஃபிளாக். காட்டினால், எதிரி அதே திசையில் அதே வேகத்தில் போவதாக வைத்து அந்த 12 மைலை முன்னால் தள்ளிவிடலாம். பிழை, எதிரி இடையில் திரும்பினால் மட்டும். மறைத்தால் 12 மைலும் பிழையே.

இன்னொன்றும் மேசையில்தான் தெரிந்தது: "என்னது? மறுபடி சொல்லுங்க மாமா." திருப்பிக் கேட்பது. இது என் மாடலில் இல்லவே இல்லை. 10 புள்ளியில் ஒன்றைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று சேர்த்ததும், 15 நொடி வேலை சராசரியில் 16.7 நொடி ஆகிறது. பார்க்க ஒன்றுமில்லை போலத்தான். ஆனால் 20 நொடிக்கு ஒரு புள்ளி வரும் பழைய வரிசை மாடலில் 45 நொடிக் காத்திருப்பு 83 நொடியாகிவிட்டது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. எண்களைச் சேர்த்து வாசிக்காமல் ஒவ்வொரு இலக்கமாக, ஒரே வரிசையில் வாசிக்கச் சொன்னதும் திருப்பிக் கேட்பது நன்றாகக் குறைந்தது. ரேடியோவில் உயரத்துக்கு 'ஏஞ்சல்ஸ்', திசைக்கு 'வெக்டர்', தரையிறங்கு என்பதற்கு 'பேன்கேக்' என்று சொற்களை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்ததை இத்தனை காலம் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அது வரிசை மேலாண்மை.

நம் ஆட்கள் எங்கே?

எதிரியைப் பார்க்க ரேடார் இருக்கிறது. உள்நாட்டுக்கு மேல் பறக்கும் சொந்த விமானங்களை அது பார்க்காது. அதற்குச் செய்த ஏற்பாட்டின் பெயர் பிப்-ஸ்க்வீக். விமானியின் ரேடியோ ஒவ்வொரு நிமிடத்திலும் 14 நொடி தானாக ஓர் ஒலியை அனுப்பும். தரையில் திசை காணும் நிலையங்கள் அதைப் பிடித்து, மூன்று கோடுகள் வெட்டும் இடத்தில் ஸ்குவாட்ரனை வைக்கும். நிமிடத்தை நான்காகப் பிரித்தால் 4 விமானங்கள் முறைவைத்து அனுப்பலாம்.

அந்த 14 நொடியும் அந்த விமானி பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது. இது பெரிய இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்துத்தான் மாடலில் போட்டேன். கணக்கு வேறு சொன்னது. கன்ட்ரோலர் பேச எடுக்கும் கணம் அந்த 14 நொடிக்குள் விழும் வாய்ப்பு கால் பங்குக்கும் குறைவு. விழுந்தாலும் சராசரியாக 7 நொடி பொறுத்தால் போதும். மொத்தத்தில் ஓர் உத்தரவுக்கு 2 நொடிகூட இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை இடம் தெரிவதற்கு இது மலிவு விலை. மணிக்கு 300 மைலில் பறக்கும் விமானம் அந்த ஒரு நிமிடத்தில் 5 மைல் நகரும் என்பதுதான் கவலை.

சந்திப்புப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் கணக்கும் சுவாரசியம். 1936இல் பிகின் ஹில்லில் நடந்த சோதனைகளில் இதைக் கருவிகள் வைத்துத் துல்லியமாகப் போட்டுப் பார்த்தார்கள், தாமதமாயிற்று. அறிவியலாளர் ஹென்றி டிசார்ட் சொன்ன வழி: எதிரிக்கும் நமக்கும் இடையே ஒரு கோடு போடு. எதிரி அந்தக் கோட்டோடு என்ன கோணத்தில் போகிறானோ, அதே கோணத்தில் நம் ஆளைத் திருப்பிவிடு. இருசமபக்க முக்கோணம், அவ்வளவுதான். அதற்கு 'டிசி கோணம்' என்றே பெயர் வந்துவிட்டது. நிரலில் ஒரே வரி. இருவர் வேகமும் சமம் என்றால் இது துல்லியமான விடை; நம் ஆள் வேகமாகப் போனால் முன்னதாகப் போய்க் காத்திருப்பான், அதனால் நஷ்டமில்லை. துல்லியக் கணக்குக்கு 1 நிமிடம், கண்ணால் போடுவதற்கு 5 நொடி என்று வைத்து இரண்டையும் ஓட்டினால், துல்லியக் கணக்கு 3 மைல் பழைய விடையைத் துல்லியமாகத் தருகிறது. எதிரி இடையில் ஒருமுறை திரும்பினால் மறுபடி முதலிலிருந்து.

கம்பியை அறுத்துப் பார்த்தது

அமைப்பை ஓட்டிப் பார்த்தாயிற்று. அடுத்து உடைத்துப் பார்ப்பது. இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை, 1940 ஆகஸ்டே போதும். 12ஆம் தேதி டோவர், ரை, பெவன்சி, டன்கர்க் (இது கென்ட்டில் உள்ள டன்கர்க்), வென்ட்னர் ரேடார் நிலையங்கள் தாக்கப்பட்டன. வென்ட்னர் தவிர மற்றவை சில மணி நேரத்தில் எழுந்துவிட்டன.

மாடலில் ஒரு நிலையத்தை அணைத்தால் தாமதம் கூடவில்லை, குறைந்தது! புள்ளிகள் குறைகின்றனவே. கெடுவது துல்லியம். செயின் ஹோமில் தூரம் நன்றாகக் கிடைக்கும், திசை சுமார்தான். இரண்டு நிலையங்கள் சொல்லும் தூரங்களை வட்டமாகப் போட்டு வெட்டும் இடத்தை எடுப்பதுதான் ஃபில்டர் செய்பவரின் முக்கிய வித்தை. ஒரே நிலையம்தான் பார்க்கிறது என்றால் திசையை நம்ப வேண்டும். 60 மைல் தூரத்தில் 5 பாகை தவறினால் 5 மைலுக்கு மேல் பக்கவாட்டில் விலகல். தாமதத்தை மட்டும் அளக்கும் மாடல், நிலையம் விழுந்த நாளை 'நல்ல நாள்' என்று காட்டும். தாமதம், இடப்பிழை இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால்தான் உண்மை தெரிகிறது. கால்சென்டரிலும் லைன் செத்த நாளில் காத்திருப்பு நேரம் அழகாக இறங்கும்.

ஆகஸ்ட் 30இல் குண்டுவீச்சில் மின்சாரமே போய்ப் பல ரேடார் நிலையங்கள் ஒன்றாக இருண்டன. நான் நிலையங்களைத் தனித்தனியாகத்தான் செயலிழக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே மின்தடத்தில் இருப்பவை சேர்ந்து விழும்படி மாற்றியதும், கரையோரத்தில் பெரிய ஓட்டை. எதிரி கரையைத் தாண்டும்வரை மேசையில் ஒன்றுமில்லை. அப்புறம் அப்சர்வர் கோரின் புள்ளிகள் திடீரென்று கொட்டுகின்றன.

பிகின் ஹில் ஆகஸ்ட் கடைசி நாட்களில் திரும்பத் திரும்ப அடிபட்டது, தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. குண்டு விழும்போதும் தொலைபேசியை விடாத சார்ஜன்ட் ஹெலன் டர்னர், கார்ப்பரல் எல்ஸ்பெத் ஹென்டர்சன் இருவருக்கும் மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள். கென்லி தளம் அடிபட்ட பிறகு அதன் ஆபரேஷன்ஸ் அறை கேட்டரத்தில் ஒரு கசாப்புக் கடைக்குக் குடிபோனது. மேசை, வரைபடம், தொலைபேசி, கடிகாரம், அவ்வளவுதானே சாமான். மாடலில் ஒரு செக்டாரின் எல்லா இணைப்பையும் வெட்டிவிட்டு, அதன் ஸ்குவாட்ரன்களைப் பக்கத்துச் செக்டாருக்கு மாற்றினால், அந்தக் கன்ட்ரோலரின் வேலை இரட்டிப்பாகிறது. 45 சதவீதம் வேலையாக இருந்தவர் 90க்குப் போய்விடுகிறார். மேலே சொன்ன பள்ளத்தாக்கு இங்கேயும் வந்துவிட்டது. அக்ஸ்பிரிட்ஜும் ஸ்டேன்மோரும் முழுசாக இருந்தாலும் பயனில்லை, நெரிசல் கடைசி மனிதர் வாயில்.

இப்போது கையில் இருப்பது

ஃபில்டர் ரூமை ஒரே இடத்தில் வைப்பதா, குரூப்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா என்று 1940 இலையுதிர்காலத்தில் பெரிய சண்டை நடந்தது. ஒரே அறையில் குவிந்தால் நெரிசல் என்றார்கள் எதிர்த்தரப்பார். டௌடிங் பிரிக்கக் கூடாது என்று நின்றார். நவம்பரில் அவர் போனார், அப்புறம் அறைகள் குரூப்களுக்குப் பிரிக்கப்பட்டன.

இதைத்தான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபில்டர் வேலையை இரண்டாகப் பிரித்ததும் காத்திருப்பு விழுந்துவிடுகிறது. வரிசைக் கணக்கு மட்டும் தெரிந்தவன் உடனே எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போட்டுவிடுவான். ஆனால் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு தடத்தைப் பறக்கவிட்டால் இரண்டு அறைகளும் அதற்கு ஆளுக்கொரு எண் கொடுக்கின்றன. ஒரே கூட்டம் இரண்டாகத் தெரிகிறது, இரண்டு ஸ்குவாட்ரன்கள் கிளம்புகின்றன. போதாததற்கு, நம் விமானம் எது என்று அடையாளம் பிரிக்கும் தகவலை இரண்டு இடத்துக்கும் சொல்ல வேண்டும். அறைகளுக்கிடையே 'இது உன்னுடையதா?' என்று கேட்க ஒரு தொலைபேசி போட்டேன். இரட்டை எண் குறைந்தது, ஆனால் அந்தத் தொலைபேசியே ஒரு புது வரிசையாகிவிட்டது. எல்லையின் இரு பக்கமும் 10 மைல் பட்டையை இரண்டு அறைகளுமே பார்க்கட்டும், எண் கொடுக்கும் உரிமை முதலில் கண்டவருக்கு என்று ஒரு விதி எழுதியிருக்கிறேன். இரவில் ஓடவிட்டிருக்கிறேன், பட்டையை 20 மைலாக்கினால் என்ன ஆகிறது என்பது அடுத்த ஓட்டத்தில்.